தடம் 7

கிளைப்பேதா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் எனக்கொரு கண்ணாடி அறை.
அங்கிருந்து பெட்டிகளைத் தூக்குகிறேன், இறக்குகிறேன்.
உள்ளே என்ன என்று கேட்பதில்லை.
எண் இருக்கும், எடை இருக்கும், அவ்வளவுதான்.

என் சொந்தச் சரக்கு
அறுநூற்றுப் பதினொரு கேசட்.
மாவு டப்பாவுக்கும் இடம்விடாமல்
சமையலறை அலமாரியை அவை பிடித்துக்கொண்டபோது
ஜுராத்தே சொன்னாள்:
“இதுகளையும் கப்பலேற்றிவிடேன்.”

ஏற்றினேன். மூன்று குளிர்காலம் ஆயிற்று.
ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்.
அவசரப்படுத்த வழியில்லை,
பாடுகிற நேரத்துக்குப் பாடித்தான் தீரும்.
சூப் கொதிக்கையில் ஒரு பக்கம்,
வாசலில் பனி வழிக்கையில் மறுபக்கம்.
பென்சில் செருகிச் சுற்றி இறுக்கியவை,
அறுந்து ஒட்டிப் பிழைத்தவை,
வெளிறிய மையில் “ஸ்வீடன், இரவு, 83” என்று
என் பள்ளிக்கூடக் கையெழுத்து.

பிறகு ஒரு நீலக் கோடு
விழுக்காடு விழுக்காடாய் ஊர்ந்து
எல்லாம் மேலே போய்ச் சேர்ந்தது.
மேலே என்றால் எங்கே?
“எங்காவது ஒரு குளிர்நாட்டில், ஒரு கொட்டகையில்”
என்றான் மகன், போனிலிருந்து தலை நிமிராமல்.
கேசட்டுகளைக் குப்பை வண்டிக்காரன் வாங்கிக்கொண்டான்.
கோப்புகளையும் கணினியிலிருந்து அழித்தேன்.
இரண்டு பூட்டு எதற்கு?

திங்கட்கிழமை, காலை ஷிப்ட்.
கண்ணாடி அறையில் முதல் பாட்டைத் தொட்டேன்.
பாடியது.
அவ்வளவு சுத்தம்,
பிணத்தைக் குளிப்பாட்டி வைத்த மாதிரி.

எங்கே அந்த இரைச்சல்?
கடல் தாண்டி வந்த அலைவரிசை
நடுவில் மூழ்கி மீண்டும் எழுமே, அது எங்கே?
முடிவதற்குள் வானிலை சொல்ல நுழைகிறவன் எங்கே?
ரிமாந்தாஸ் எங்கே?

வானொலியின் வாயருகே மைக்கை நீட்டி
மூச்சடக்கி உட்கார்ந்திருப்போம்.
எனக்குப் பதினாலு, அவனுக்குப் பதினொன்று.
“அமுக்கு, இப்போ அமுக்கு” என்பான் கிசுகிசுவென்று.
அமுக்குவதற்குள் அதுவும் பதிந்துவிடும்.
எத்தனையோ பாட்டுக்கு
முதல் சொல்லே என் தம்பியுடையது.

நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வந்தது:
“மகிழ்ச்சியான செய்தி!
உங்கள் பதிவுகளைவிடத் தரமானவை எங்களிடம் இருந்தன.
பொருத்திப் பார்த்து மாற்றியிருக்கிறோம்.
கூடுதல் கட்டணம் இல்லை.”

நான் ஏற்றியனுப்பிய பெட்டியைத் திறந்தால்
உள்ளே வேறெவன் சரக்கோ.
எங்கள் துறைமுகத்தில் இதற்குப் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

ரிமாந்தாஸ் இப்போது ஹல் நகரத்தில்
மீன் அடைக்கிற தொழிற்சாலையில் இருக்கிறான்.
அப்பாவின் வீட்டை விற்ற பணத்தில்
இரண்டாயிரம் யூரோ கணக்கு உதைத்தது.
ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
கணக்கில் தவறு யாருடையது என்று
இன்று கேட்டால் எனக்கே நிச்சயமில்லை.

பட்டியலின் அடிமட்டம் வரை தேய்த்துக்கொண்டே போனேன்.
அங்கே ஒரு சாம்பல் கட்டம், படம் இல்லை.
அறியப்படாத கலைஞர். தடம் 7.
இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாத ஒன்று.

தொட்டேன்.
எண்ணெய் பொரிகிற சத்தம்.
கிணற்றுக்குள் விழுந்தவன்போல் யாரோ பாடுகிறான்.
கரண்டி கீழே விழுகிறது.
“அணைக்கிறீங்களா, நான் வரட்டுமா?” அம்மா.
தம்பி சிரிக்கிறான், வாயைப் பொத்தியும் அடங்காமல்.
டொக்.
இரண்டு நிமிடம் நாற்பது.

கலைஞர் பெயரைத் திருத்திக்கொள்ளலாமாம்.
‘அறியப்படாத’ என்பதை எழுத்தெழுத்தாய் அழித்தேன்.
‘ரிமாந்தாஸ், வயது 11’ என்று தட்டினேன்.
இணைப்பை அவனுக்கு அனுப்பினேன்.
கூட ஒரு வார்த்தை எழுதவில்லை,
என்ன எழுதினாலும் அந்த இரண்டாயிரத்தில் போய் முட்டும்.

பாட்டின் கீழே சின்னதாய் ஓர் எண்,
எத்தனை முறை கேட்கப்பட்டது என்று.
செவ்வாயன்று நான்கு.
நான் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன்.
வியாழனன்று பத்தொன்பது.
அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.

இன்று காற்று அதிகம்.
கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.
பாதி தூக்கிய பச்சைப் பெட்டியை மெல்ல இறக்கிவைத்துவிட்டு
கையுறையைக் கழற்றிப் பார்த்தேன்.
இருபது.
இங்கே மணி இரண்டே கால்.
ஹல்லில் அது சாப்பாட்டு இடைவேளை.