அணைக்க வேண்டாம்

நாற்பத்தேழில் நின்றுவிட்டது.
ஆறு பத்துக்கு நாற்பத்தேழு,
ஆறரைக்கும் நாற்பத்தேழு.
நீலத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
பாதி வாய்க்கால் வந்து படுத்துக்கொண்டது.
கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி:
கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.

சரி, அணைக்கவில்லை.
திருத்துறைப்பூண்டியில் அது என் கையிலா இருக்கிறது?
மன்னார்குடி ரோட்டில் ஒரு புளியங்கிளை முறிந்தால் போதும்.
வெளியே ஐப்பசி கொட்டுகிறது.
யூபிஎஸ் ஏழு நிமிடம் தாங்கும்,
அதுவும் அதற்கு மனசிருந்தால்.

ஆசைதான்.
திருவாரூரில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய பிராசஸர்
புது பயாஸ் ஏற்றினால்தான் ஒத்துப்போகும் என்றார்கள்.
பயிர்க் காப்பீட்டுக்கு நாளை கடைசி நாள்.
காலண்டரில் வட்டம் போட்டதும் நான்தான்,
இன்றைக்கு இதைத் தொடங்கியதும் நான்தான்.

பெஞ்சில் பக்கிரியம்மாள்.
மடியில் பிளாஸ்டிக் பை, பைக்குள் அடங்கல்,
அடங்கலுக்குள் பாஸ்புக்.
"எவ்ளோ வந்திருக்கு?"
"பாதி."
"பாதி வந்துட்டா மீதியும் வந்துரும்."
அவள் ஊர் தலைஞாயிறுக்கும் கிழக்கே.
மேலே அணை திறந்து
இருபது நாள் கழித்துத் தண்ணீர் பார்க்கிற ஊர்.
தலையாட்டி வைத்தேன்.
இது பாதியில் நின்றால்
இருந்த பழையதும் போய்விடும் என்று
சொல்ல வாய் வரவில்லை.

ஏழே காலுக்கு ஃபேன் நின்றது.
யூபிஎஸ் கத்தியது, கத்தியது,
பிறகு கத்தவில்லை.

கரண்ட் திரும்பியபோது
உள்ளே விசிறி சுழன்றது, நின்றது, சுழன்றது.
திரை கருப்பு.
ஒரு பீப்பாவது அடித்துத் திட்டியிருக்கலாம்.

வயரைப் பிடுங்கி மூடியைக் கழற்றினேன்.
வளையலில் மாட்டியிருந்த ஊக்கால்
காசு மாதிரி பேட்டரியை நெம்பி எடுத்து
பத்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
திரும்பப் போட்டேன். கருப்பு.
போன் வெளிச்சத்தில், ராம் குச்சிக்குக் கீழே
எறும்பு எழுத்து: ரிவிஷன் 1.2.
நான் இறக்கியிருந்தது 1.0-க்கான ஃபைல்.
அதனால்தான் நின்றதா, வேறெதனாலுமா,
இன்றுவரை தெரியாது.

பின்பக்கம் ஒரு சின்னப் பட்டன்.
மூன்று வருடமாகத் தூசி துடைத்திருக்கிறேன்,
எதற்கென்று கேட்டதில்லை.
வெள்ளைக் கட்டம் போட்ட துளையில்
பென்டிரைவைச் செருகி அதை அமுக்கினால்
போர்டு தானே படித்துக்கொள்ளுமாம்.
என் பென்டிரைவ் அறுபத்துநாலு ஜிபி.
மூன்று முறை மினுக்கிவிட்டு வேண்டாம் என்றது.
சின்னது வேண்டும், பழையது வேண்டும்.

எதிர்க்கடை மைக்செட் தூண்டிக்காரனிடம் இருந்தது.
நாலு ஜிபி, கழுத்தில் சிவப்புக் கயிறு,
பாதி கல்யாண மேளம், பாதி சாவுப் பாட்டு.
"அழிச்சிராத அக்கா, காலைல ஒரு வளைகாப்பு இருக்கு."
எல்லாவற்றையும் என் போனுக்கு மாற்றி
போனிலேயே ஃபார்மேட் அடித்து
சரியான ஃபைலை இறக்கிப் பெயர் மாற்றினேன்.
ஒரு புள்ளி தவறினாலும் படிக்காது.
கரண்ட்டை நம்பவில்லை.
அவனே ஜெனரேட்டரை இழுத்துவந்து வாசலில் போட்டான்,
டீசல் காசு தனி என்று சொல்லிக்கொண்டே.

அமுக்கி மூன்று எண்ணினேன்.
விளக்கு மினுக்கியது,
மினுக்கிக்கொண்டே இருந்தது.
ஆறு நிமிடம் என்றது கையேடு.
ஒன்பதாம் நிமிடத்தில் பக்கிரியம்மாள்
பையைத் திறந்து, அடங்கல் இருக்கிறதா பார்த்து, மூடினாள்.
பதினொன்றில் விளக்கு அணைந்தது.
முடிந்ததற்கும் செத்ததற்கும்
ஒரே இருட்டு.

பவர் பட்டன்.
ஜெனரேட்டர் சத்தத்தில் பீப் கேட்கவில்லை.
திரைதான் வந்தது, எழுத்து வந்தது,
இன்று ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பத்தொன்பது என்று
கூச்சமில்லாமல் சொன்னது.
தேதியைத் திருத்தினேன்.

புதுப் பிராசஸர் டப்பாவிலேயே கிடக்கட்டும்,
தை பிறந்து பார்க்கலாம்.

"சர்வே நம்பர் சொல்லுங்க."
பையைத் திறக்கவே இல்லை அவள்.
"நூத்தி நாப்பத்தேழு பார் ரெண்டு பி" என்றாள்,
டீசல் சத்தத்துக்கு மேலே, கத்தி.