இன்றைக்கு யார் பாடு

என் அறையில் ஜன்னலோரம் தெலுங்கு டவர்,
கட்டிலடியில் தமிழ் டவர்.
ஆரம்பாக்கத்தில் வாடகை கொடுப்பவர்களுக்கு
இது பழக்கம்.
சிக்னல் அறுபடாத ஒரே இடம்
தண்ணீர் டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவில்
ஒரு முழம்.
அங்கே குந்திக்கொண்டுதான்
பதினோரு இரவு அந்தப் பாம்போடு சண்டை போட்டேன்.

போட்டோம்.
சூளூர்ப்பேட்டை முரளி வாள்.
தடாவிலிருந்து மஸ்தான் அம்பு.
நெல்லூர்க்காரர் ஒருத்தர் கேடயத்தோடு முன்னால் நின்று
அத்தனை அடியும் வாங்குவார்,
பெயர் தெரியாது, இருமல் தெரியும்.
நான் மருத்துவச்சி.
யாருக்கு ரத்தம் குறைகிறதோ
அவர்மேல் விரல் வைப்பேன்.
முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் விழும்,
யார் எத்தனை அடி அடித்தார்கள் என்று.
யார் யாரைச் சாகவிடவில்லை என்பதற்குப்
பட்டியல் இல்லை.

பதினோராம் இரவு பாம்பு செத்து
ஒரு கோலைக் கக்கியது. நுனியில் பச்சை வெளிச்சம்.
மருத்துவச்சி மட்டுமே ஏந்தலாம் என்று
அதன்மேலேயே எழுதியிருந்தது.
முரளி தலைவன், பங்கு அவன் கையில்.
தன் பாவமரிதிக்குக் கொடுத்தான்.
பாவமரிதி என்றால் மச்சினன்.
அன்றைக்குத்தான் வந்தவன்,
சண்டை நடுவே சோறு தின்னப் போனவன்,
கையில் கோடாலி.
ஏன் என்றேன்.
"தர்வாத சூத்தாம்" என்றான் முரளி.
பிறகு பார்க்கலாம்.
எல்லைக்கு இரண்டு பக்கமும்
அந்தப் 'பிறகு'க்கு ஒரே அர்த்தம்.

மறுநாள் கோல் சந்தைக்கு வந்தது.
எண்ணூறு ரூபாய்.
நான் ஷிப்டில் இருந்தேன்,
ஒரு போனுக்கு நான்கு திருகாணி,
மணிக்கு நூற்று எண்பது போன்.
திருகும்போதெல்லாம் பேச வேண்டியதைத்
தெலுங்கில் ஒத்திகை பார்த்தேன்.
அன்றிரவு முரளிக்கு ரத்தம் இறங்கியது.
விரல் அவன்மேல் போக ஒரு நொடி தாமதித்தது.
வேண்டுமென்றா? எனக்கே தெரியாது.
தெரியும்.
செத்தான். கரண்ட் போச்சு என்றேன்.
டிரம்மின் மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கோபம் தீரவில்லை, அசிங்கமாகத்தான் இருந்தது.
பிறகு நேராகவே எழுதினேன்:
பங்கைக் கொன்றபின் பேசாதே, கொல்லுமுன் பேசு.
எங்கள் ஏரியில் சீட்டுப் போட்டுத்தான் வலை இறங்கும்.
இன்றைக்கு உன் பாடு என்றால்
இறால் வந்தாலும் உனக்கு, சேறு வந்தாலும் உனக்கு.
மச்சினன் கரையில் நிற்கலாம்.
நிற்க மட்டும்.

முரளி என்னை நீக்கினான்.
அதற்கு ஒரு சத்தம் உண்டு,
தகர டப்பா மூடுகிற மாதிரி.
கொஞ்ச நேரத்தில் அதே சத்தம் இருமலுக்கும்.
மஸ்தான் தானே வந்தான்.
கவரைப்பேட்டையிலிருந்து ஒரு பையன் சேர்ந்தான்,
பத்து மணிக்கு அவன் அம்மா
போனைப் பிடுங்கிக்கொள்வார்கள்.
நான்கு பேருக்குப் பெரிய பாம்பு சாகாது.
சின்னதாகத் தேடினோம்.
யார் முறை என்று நோட்டில் எழுதுவது நான்.

நேற்று ஒரு நண்டரக்கன் சாய்ந்தான்.
ஒரு மோதிரம்.
உயிர் கொடுப்பவர்களுக்கு இரட்டிப்புப் பலம்,
கேடயக்காரருக்குச் சும்மா அலங்காரம்.
"இன்றைக்கு யார் பாடு?"
இருமலுக்கு நடுவே கேட்டார்.
நோட்டு என் மடியில்.
மேலே அவர் வரிசை, அடியில் என்னுடையது.
கையெழுத்தும் என்னுடையது, வேறு யாரும் பார்த்ததில்லை.
இந்தப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தால் போதும்,
சிக்னல் போய்விடும், நல்ல காரணம்.
மஸ்தான் காத்திருந்தான்.
மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.
பையன் அவசரப்படுத்தினான்.

முரளிக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்குமோ,
ஒரு விரல், ஒரு நொடி.

உங்களுடையது என்றேன்.
இருமினார்.
நன்றியா, சளியா, தெரியவில்லை.