சக்கை லோரி

ஏப்பத்தில்தான் எல்லாம் என்றார் அதிகாரி.
நாங்கள் பின்பக்கம் என்று நினைத்திருந்தோம்.
மண்டபம் ஒருமுறை சிரித்து ஓய்ந்தது.

சிம்பாங் அம்பாட் பூப்பந்து மண்டபம்.
ஆட்டக் கோடுகளின் மேல் நாற்காலி போட்டு
முப்பத்திரண்டு மாட்டுக்காரர்கள்,
மாடில்லாத நான் ஒருவன்.
திரையில் ஒரு வெள்ளை மாடு,
வாயிலிருந்து ஓர் அம்புக்குறி,
அம்பின் நுனியில் மீத்தேன்.

'பாலையே ஒழுங்காய் அளக்காத ஊரில்
ஏப்பத்தை அளக்க வந்துட்டாங்க'
என்றார் அரியநாதன்,
பாலில் தண்ணீர் அளக்கத் தெரிந்தவர்.

மோகனாம்பாள் எழுந்தாள்.
காலில் இன்னும் ரப்பர் பூட்ஸ்.
'பத்து காவான்ல ராத்திரி பூரா
ஏர்கோன் ஓடுதே ஃபேக்டரிங்க,
அவங்களுக்கும் இந்தப் படம் போட்டீங்களா?'
அவர்களுக்கு வேறு கூட்டம் என்றார் நோராஸ்லினா,
நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை.
'அந்தக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுவீங்களா?'
நோராஸ்லினா
அடுத்த படத்துக்குப் போனார்.

பின்வரிசையில் யுவனேஸ்வரன்
யாரும் கேட்காமலே சொன்னான்:
'ஏப்ரல் வெயில்ல நம்ம மாடு
ரெண்டு லிட்டர் குறைச்சு கறந்துச்சு.
அந்தச் சூட்டுல நமக்கும் பங்கு இருக்கு.
கொஞ்சம்தான். ஆனா இருக்கு.'
அவன் அப்பா
பூப்பந்து வலையின் கிழிசலை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாரம் வந்தது.
தீவனத்தில் கலக்க ஒரு தூள், ஆறு மாதம் இலவசம்,
ஏழாம் மாதம் பற்றி எழுத்து சிறியது.
கடைசிக் கோட்டில்: பிரதிநிதி.

சங்கத் தலைவர் டத்தோ வரவில்லை.
மாட்டுப் பொங்கலன்று கொம்பைப் பிடித்துப்
படம் எடுத்துக்கொண்டதோடு சரி,
அந்த மாடும் வாடகைக்கு வந்தது.
'சங்கத்துல என் பேரே இல்ல,
ஆனா என் மாடு விடுற ஏப்பத்துக்கு
மட்டும் பேர் இருக்கு' என்றார் பாக் ருஸ்லி,
செம்பனைக்கடியில் மேய்ப்பவர்,
மலாயில் சொன்னார், எல்லாருக்கும் புரிந்தது.

அப்போதுதான் யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

நான் வாசலில் நின்றிருந்தேன்,
லோரியைக் குறுக்கே நிறுத்தியிருந்ததால்.
விடியலில் புக்கிட் மெர்தாஜாம் தௌஃபூ கம்பெனியில்
ஆவி பறக்கும் சக்கை ஏற்றி
கொட்டகை கொட்டகையாய் இறக்குகிறவன்.
எந்தப் பசு சினை, எது உதைக்கும்,
யார் வீட்டில் கடன், எல்லாம்
சீட்டுக்கு அடியில் ஒரு நோட்டில்.

'மருதப்பனுக்குத் தெரியாத மாடா?'

கைதட்டல் பாதியில் நின்றது.
தெரியும் என்பதுதான் சிக்கல் என்று
ஒவ்வொரு முகமாய்ப் புரிந்துகொண்டது.
பதிவில் எட்டு என்றவர்
இருபதுக்குச் சக்கை வாங்குகிறார்.
'அவன் வேணாம் லா, அவன் வியாபாரி'
என்றார் அரியநாதன் அவசரமாக,
மூன்று மாத பாக்கி அவருக்கு.
பாக் ருஸ்லி மட்டும் கையை இறக்கவில்லை.

நோராஸ்லினா என்னைப் பார்த்தார்.
மொத்தம் எத்தனை இருக்கும்?

நேற்றைய மீதி லோரியில் கிடக்கு,
இப்ப இறக்காட்டி புளிச்சிடும் என்றேன்.
அது பதில் இல்லை.
பாரத்தை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நாலு மணி.
மோகனாம்பாள் கொட்டகை.
மூட்டை பிரிக்கக் குனிந்தபோது
செவலை ஒன்று என் முகத்திலேயே
நீளமாக, நிதானமாக விட்டது:
வெதுவெதுப்பு, புல், சோயா,
பழைய பழத்தின் வாடை கொஞ்சம்.

பதிவில் பதினொன்று.
நான் எண்ணியது பத்தொன்பது.
நோட்டை எடுத்தேன், அவள் பார்த்தாள்.
பால்வாளியைக் கீழே வைத்தாள்.

'எழுதிக்கோ' என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
'பென்சில்ல.'