முதல் ஓலை

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பேச்சுவார்த்தைப்படி
ஏழு மணி ஆராதனை எங்களுக்கு,
ஒன்பதரை அவர்களுக்கு.
நடுவில் கொஞ்ச நேரம்
பல்லடம் ஸ்டேஷன் ஏட்டு ஒருத்தர்
படிக்கட்டில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்.
எங்கள் சபையில் இப்போது
சமாதானம் என்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மின்விசிறி இறக்கைகளில் பெயர் எழுதியிருக்கும்,
வாங்கிக் கொடுத்தவர் பெயர்.
போன மாதம் ஒருவர் ஏணியோடு வந்தார்,
என்ற அப்பன் நெனப்புக்கு வாங்கினதுங்க இது என்று.
கழற்றிப் போன இடத்தில்
இரண்டு ஒயர் தொங்குகிறது.
கீழே உட்காருகிறவர்களுக்கு
எந்தக் கட்சியானாலும் வேர்க்கிறது.

நான் செயலாளர், கெத்சியாள்.
பகலில் விசைத்தறிக் கூடத்தில் பாவுநூல் கணக்கு எழுதுகிறேன்.
கடைவாடகைப் பணத்தை நான் தின்றேன் என்று
மனுப் போட்டவர் எலியேசர்.
நோட்டீஸும் அடித்து ஒட்டினார்,
என் மகன் படிக்கிற பள்ளிக்கூடச் சுவரில்.
நல்ல பசை.
பொழுதோட போய்ச் சுரண்டினேன்.
என் இனிஷியல் மட்டும் சுவரோடு தங்கிவிட்டது.

அந்த எலியேசரின் மகள் சுகிர்தா
திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போகிறவள்,
வியாழக்கிழமை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி
நேரே தறிக்கூடத்துக்கு வந்தாள்.
சத்தத்தில் அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது.
வெளியே கூட்டிப்போனேன்.
ஓலை வாசிக்கணுமுங்க அக்கா,
பதிவேடு உங்ககிட்டத்தான் இருக்குதுங்களாம்.
அப்பா வரமாட்டேனுட்டாருங்க.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.
மூன்று நாள் அந்தக் கவர் என் கைப்பையில் கிடந்தது,
டிபன் பாக்ஸுக்கும் சாவிக்கும் நடுவில்.
அது அங்கே கிடப்பது எனக்கு இனித்தது.
எங்கள் ஆள் ஒருவர் சொன்னார்:
கேஸை வாபஸ் வாங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.
இன்னொருவர் சொன்னார்:
கர்த்தரே அவன் குடுமியை நம்ம கையில குடுத்திருக்காரு.
கர்த்தர் பெயரைக் கேட்டதும்தான் கூசியது.
அவர் கையில் இருந்தது ஆணிதானே,
எவன் குடுமியும் இல்லையே.

சனிக்கிழமை ராத்திரி முழங்காலில் நின்றேன்.
ஓடினதெல்லாம்
எலியேசருக்கு நான் கொடுக்கவேண்டிய பதில்கள்,
ஒன்றைவிட ஒன்று கூராக.
அவை தீர்ந்துபோன பிறகு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
அதைத்தான் ஜெபம் என்று வரவு வைத்துக்கொண்டேன்.

காலையில், அறிவிப்பு வேளை.
மைக் அவர்கள் கட்சிக்குப் போய்விட்டது.
அடிவயிற்றிலிருந்து வாசித்தேன்:
நம் சபை எலியேசர் மகள் சுகிர்தா,
வெள்ளகோவில் ஆரோன் மகன் கிருபைராஜ்,
இது முதல் ஓலை.
இவர்கள் சேர்வதற்குத் தடை அறிந்தவர்
யாராவது இருந்தால் சொல்லலாம்.

எதற்கும் தடை சொல்கிற ஜனம் நாங்கள்.
பட்ஜெட்டுக்கு, பந்தலுக்கு,
கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி போடுவதற்கு.
ஸ்டே வாங்கத் தெரியாத வீடு இங்கே கிடையாது.

நிறுத்தினேன்.

சாலைக்கு அந்தப் பக்கம்
ஞாயிறும் ஓடுகிற தறிகள் அடித்துக்கொண்டிருந்தன.
ஒயர் இரண்டும் காற்றில் ஆடின.
வாபஸ் வாங்கட்டும் என்றவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தால் எலியேசர்.
கேட்டுக்கு அப்பால் பைக்கில் சாய்ந்து நிற்கிறார்,
ஒன்பதரைக்கு வந்தவர் மாதிரி.
மணி எட்டேகால்தான்.
சன்னல்கள் திறந்தே இருந்தன.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் நின்று பார்க்கவில்லை.

புதன்கிழமை வாய்தா.
என்னைத் திருடி என்றுதான் சொல்வார்.
ரசீதுக்கட்டுகளை நானும் எடுத்துப் போவேன்,
ஒன்று குறையாமல் காட்டுவேன்,
அதை விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.

பதிவேட்டில் ஒரு வரி எழுதித் தேதி போட்டேன்.
எழுத்து கோணலாக விழுந்தது.
இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது.