மிச்சத் தொகை

வியாழன் இரவு ஒன்பதரை.
மோர்னிங்சைட் முடக்கில் ஒரு டோனட் கடை.
சூடாக்கிக்குப் பக்கத்து மேசை எங்களுக்கென்று
யாரும் எழுதிவைக்கவில்லை,
ஆனாலும் எங்களுக்குத்தான்.

நாலு பேர். ஒரு நாற்பது பக்கக் கொப்பி.
பென்சில் அன்ரனீற்றாவினுடையது.
பேனை வேண்டாம் என்றவவும் அவதான்:
"குறையிற சாமான்,
அழிக்கத்தக்கதாய் இருக்கட்டும்."

அவரவர் தேத்தண்ணிக்கு அவரவர் காசு.
ஆருக்கும் ஆரும் ஒரு சதம் கைமாற்றுக் குடுக்கிறதில்லை.
வேறு விதி கிடையாது.
கைமாற்றில் வழுக்கித்தானே
நாலு பேரும் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தோம்.

குகதாசன் தொண்டையைச் செருமுவார்.
"பதினோராயிரத்து நாநூற்றி ஆறு."
அவருடைய பாரவண்டி விற்றுப்போய் இரண்டு வருசம்.
அதன் தவணை இன்னும் ஓடுகிறது,
சில்லில்லாமல்.

அன்ரனீற்றா: "ஆறாயிரத்து எண்பது."
மகளின் சாமத்தியவீட்டுக்கு
வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி.
குதிரை அரை மணித்தியாலம் நின்றது.
வட்டி நாலு வருசமாய் நடக்கிறது.

நான் எடுத்த சீட்டுக்குப் பிடித்த தாச்சி
கல்கரிப் பக்கம் போனவ,
போனவதான்.
அந்தப் பள்ளத்தை ஒரு அட்டையால் மூடினேன்,
அட்டையை இன்னொரு அட்டையால்.
"ஆகக் குறைந்த தொகை கட்டினால் போதும்" என்று
வங்கி எவ்வளவு கனிவாய் எழுதுகிறது!
அந்தக் கனிவுக்கு நூற்றுக்குப் பத்தொன்பதரை.

சின்னதை முதலில் கொல்லு என்றார்கள்.
உடுப்புத் தோய்க்கிற மெஷின் வாங்கிய கடனைத்
தை மாதம் கட்டி முடித்தேன்.
கடைப் பெடியனிடம் கத்தரிக்கோல் வாங்கி
அட்டையை வெட்டினோம்.
துண்டொன்று தெறித்துக்
குகதாசனின் சூப்புக்குள் விழுந்தது.
அவ்வளவு சிரித்து எத்தனை வருசம்!

வேலை இடைவேளையில் இலக்கம் காட்டாத அழைப்பு வந்தால்
முந்தி கழிவறைக்குள் ஒளிப்பேன்.
கார் நிறுத்துமிடத்தில், குளிருக்குள்,
அன்ரனீற்றா கடன்காரன் குரலில் கத்த
நான் பதில் சொல்லிப் பழகினேன்:
பெயர், திகதி, இவ்வளவுதான் முடியும்.
இப்போது எடுக்கிறேன்.
கை நடுங்குகிறது, ஆனாலும் எடுக்கிறேன்.

நிதுர்ஷன் எங்களில் இளையவன்.
ஹொக்கி ஆட்டத்தில் யார் வெல்வார் என்று
கைபேசிக்குள் காசு கட்டியவன்.
மாசி மாதம் மூன்று வியாழன் வரவில்லை.
அவனுடைய நிரலை அன்ரனீற்றா
கோடு கீறி மூடவில்லை.
வெறுமையாய் விட்டுவைத்தா.

நாலாம் வியாழன் வந்தான்.
தோளில் பனி. ஜாக்கெட் கழற்றவில்லை.
"பதினேழு" என்றான்.
போன முறை பதினாலு.

கோப்பி மெஷின் மட்டும் இரைந்தது.
பென்சில் பதினேழாயிரம் என்று எழுதியது,
மற்ற இலக்கங்களின் அதே அளவில்.

எனக்கு வாய் தானாய்த் திறந்தது.
"என்ரையும் பிழை.
மூண்டு கிழமையா இருநூறு குறைச்சுச் சொன்னனான்."
"ஏன்?" என்றார் குகதாசன்.
"உங்களுக்கு முன்னால குறையோணும் போல இருந்தது."

அன்ரனீற்றா அழித்தா.
ரப்பர் துகளை உள்ளங்கையால் கூட்டித்
தன் சட்டைப்பைக்குள் போட்டா,
ஏனென்று தெரியாது.

நிதுர்ஷன் பையைத் துழாவினான்.
இரண்டு குத்தி, ஒரு பஸ் சீட்டு.
தேத்தண்ணிக்குக் காணாது.
விதி விதிதான். ஒருவரும் கை நீட்டவில்லை.
குகதாசன் எழும்பிப் போய்ச்
சும்மா தருகிற சுடுதண்ணி
நாலு கோப்பை கொண்டுவந்து வைத்தார்.

குடித்தோம்.
கடதாசி மணந்தது.
வெளியே பஸ் வந்து நின்று போனது,
அடுத்தது இருபது நிமிசத்தில்.
"திரும்பச் சொல்லு" என்றா அன்ரனீற்றா,
"சதத்தோட சொல்லு."
அவன் சொன்னான்.
பிறகு நானும்.