பத்துக்கு எத்தினை

எலிகளின் முள்ளந்தண்டில்
இருபத்திரண்டு வருடம் மின்முனை வைத்துக் கேட்டேன்.
அவை பொய் சொன்னதில்லை.
ஒன்றும் சொன்னதுமில்லை.

இன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, பகல் இரண்டு மணி,
மின்விசிறி வேலை செய்யவில்லை.
குருநகர் மரியநேசனுக்கு
இடக்கால் முழங்காலோடு முடிகிறது.

"வலி எவ்வளவு, பத்துக்கு?"

"வலி என்ர தம்பிக்குத்தான் வாறது, டொக்டர்,
நுரை தள்ளி விழுவான்.
எனக்கு நோ."

என் படிவத்தில் அந்தச் சொல் இல்லை.
அதை லண்டனில் இருந்து எழுதியவள்
நாவாந்துறையில் பிறந்தவள்.

"எங்க நோகுது?"

கட்டில் விளிம்பிலிருந்து குனிந்து
சீமெந்துக்கு ஒரு சாண் மேலே
காற்றைத் தொட்டுக் காட்டினான்:
"இதில. பெருவிரல். நண்டு கவ்வினபடி நிக்குது."

பேனையை மூடினேன்.
கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்,
மிதித்துவிடாமல்.