புறமாறி

ரிகா. நிதியமைச்சின் நான்காம் தளம்.
வெப்பக்குழாய்களை நவம்பரிலேயே பாதியாகத் தணித்துவிட்டார்கள்,
சிக்கனம் நம்மிடமிருந்தே தொடங்கட்டுமென்று.
விரல்நுனி கத்தரித்த கையுறையோடு
தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் மாதிரியில் அரசாங்கம் ஓர் எழுத்துதான்: ஜி.
அது ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று
சமன்பாடு கேட்பதில்லை.
புறமாறி. வெளியிலிருந்து வரும்,
பனி வருவதுபோல,
விடுதியில் காலையுணவை முடித்துக்கொண்டு
கடன் கொடுத்தவர்கள் வருவதுபோல.

வரி அப்படியல்ல. உள்ளேயே பிறக்கிறது.
ஊர் சம்பாதித்தால் கொழுக்கும், ஊர் இளைத்தால் இளைக்கும்.
இதை எழுதிவைத்தவளே நான்.
இருந்தும் அந்த மாலை, இயக்குநர் இமான்ட்ஸ் பின்னால் வந்து நின்று
ஜியில் எட்டு விழுக்காடு இறக்கிப் பார் என்றபோது
இறக்கிப் பார்த்தேன்.
வளைகோடு கொஞ்சம் குனிந்தது.
பிறகு, பழகிய பரிசாரகன்போல,
நிமிர்ந்துகொண்டது.

ஒரு லாட்ஸ் நிறுத்தினால்
எத்தனை லாட்ஸ் நின்றுபோகும் என்று சொல்லும் எண்ணுக்குப்
பெயர் பெருக்கி.
நாங்கள் அரை என்று வைத்திருந்தோம்.
வேறு நாடுகளில், வேறு பத்தாண்டுகளில்,
நாணயத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்க முடிந்தவர்கள்
அளந்த அரை.
இங்கே அது
துடைப்பம் பெருக்குகிற மாதிரிதான் பெருக்கியது.

மார்ச்சில், கிழக்கெல்லையோரத்து நகராட்சி ஒன்றின்
காலாண்டுப் படிவம் வந்துசேரவில்லை.
தொலைபேசினேன். நெடுநேரம் மணியடித்து
எடுத்தவர் பனிவாரி வண்டியோட்டி, அர்வீட்ஸாம்.
டீசல் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதால்
அலுவலகத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறாராம்.
"படிவமா? ஸ்கைத்ரீதே நிரப்புவாள்.
அவளைத்தான் டிசம்பரோடு நிறுத்திவிட்டார்களே.
அயர்லாந்தில் காளான் பறிக்கிறாள்.
பையன் இங்கே. பேருந்தும் நின்றுவிட்டது,
நான்தான் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிறேன்.
முழங்கால் பனி."
பிறகு, உதவும் குரலில்:
"அவசரமென்றால் அவள் எண் தரட்டுமா?"

எங்கள் வெட்டு எவ்வளவு ஆழம் என்று
சொல்லவேண்டிய ஆளையே
வெட்டியிருந்தோம்.

காலிக் கட்டத்தை அண்டை ஊர்களின் சராசரியால் நிரப்ப
மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது.
அதன்மேல் விரலை வைத்தபடி இருந்தேன்.
டிசம்பர்வரை ஜிக்குள் இருந்தவள்.
இனி அவள் அனுப்பும் பணம்
எங்கள் ஏட்டில் நல்ல செய்தியாக ஏறும்:
வெளிநாட்டு வரவு, உயர்வு.
வசூலில் துண்டு விழுந்ததை மட்டும்
எச்சம் என்போம். காரணமற்றது என்போம்.

விரலை எடுத்தேன்.
பெருக்கியை ஒன்று புள்ளி நான்கு ஆக்கினேன்.
வளைகோடு குனிந்தது. நிமிரவில்லை.

ஆதாரம் என்ற பத்தியில் கேள்விக்குறி போட்டு
இமான்ட்ஸ் திருப்பி அனுப்பினார்.
ஒரு வரி எழுதினேன்:
தொலைபேசி, வண்டியோட்டி, முழங்கால் பனி.

அச்சான அறிக்கையில் அரை அரையாகவே இருந்தது.
என் வரியை நீக்கியிருந்தார்கள்.
வேறு வரி வந்திருந்தது,
ரொட்டிக்கும் வெந்நீருக்கும்.